கோடு ஸ்டிக்கரை உரிக்கும்போது பெயின்ட்டையும் உரித்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆயுத பூஜை நெருங்கினாலே பழைய கார் வைத்திருப்பவர்கள் வண்டியைக் கழுவித் துடைத்துப் புதுசாக்க ஆரம்பித்துவிடுவார்கள். அப்போது முதலில் கண்ணை உறுத்துவது, முன் மட்கார்டில் தொடங்கிக் கதவுகள் வழியாகப் பின்பக்கம் வரை ஓடும் அந்தக் கோடு ஸ்டிக்கர்தான். பாதி வெளுத்து, பாதி வெடித்து, ஓரமெல்லாம் அழுக்கு ஏறி நிற்கும். அதை எடுத்துவிட்டாலே வண்டிக்குத் தனிக் களை வந்துவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் எடுக்கிறேன் என்று பிளேடால் சுரண்டி, தின்னரைத் துணியில் நனைத்துத் தேய்த்து, அப்புறம் பெயின்ட் போய்விட்டது என்று பட்டறைக்குக் கொண்டுவரும் வண்டிகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. கார் பெயின்டிங் வேலையில் பல வருடமாக இருப்பவன் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் வாசகர்களில் பழைய மாருதி 800, ஜென், சான்ட்ரோ, இண்டிகா என்று இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

இந்தக் கோடு ஏன் சுலபமாக வருவதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டிக்கர் என்பது பிவிசி பிளாஸ்டிக். அது வளைந்து கொடுப்பதற்காக மிருதுவாக்கும் எண்ணெய் மாதிரியான பொருள் ஒன்றைக் கலந்துதான் தயாரிக்கிறார்கள். நம் ஊர் வெயிலில் வருடக்கணக்கில் நின்றால் அந்தப் பொருள் மெல்ல மெல்ல வெளியேறிவிடும், பிளாஸ்டிக் விறைத்துப்போகும். கீழே இருக்கும் கம் மட்டும் பெயின்ட்டோடு இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் நகத்தால் நெம்பினால் முழுசாக வராமல் துணுக்குத் துணுக்காக உடைகிறது, ஆளும் பொறுமை இழந்து பிளேடைத் தேடுகிறார்.

பிளேடு பழக்கம் கண்ணாடியிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். 2024 மே மாதம் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை, அனுமதியில்லாமல் வாகனங்களில் ஒட்டிய ஸ்டிக்கர்களுக்கு அபராதம் போட ஆரம்பித்தபோது, எல்லோரும் அவசர அவசரமாகப் பிளேடு வைத்துச் சுரண்டினார்கள். முன்கண்ணாடியில் அது சரி, கண்ணாடி தாங்கும். (பின்கண்ணாடியில் பனிப்படலத்தைப் போக்கும் டிஃபாகர் கம்பிக் கோடுகள் உள்பக்கம் இருந்தால் அங்கேயும் பிளேடு வைக்கக் கூடாது, அறுந்துவிடும்.) பெயின்ட் அப்படியில்லை. ஒரு சாதாரண ஏ4 தாள் சுமார் 100 மைக்ரான் கனம். கம்பெனியிலிருந்து வரும் வண்டியில் பிரைமர், கலர், கிளியர் கோட் எல்லாம் சேர்ந்தே ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும், அதில் பளபளப்பைத் தரும் கிளியர் கோட் பாதிக்கும் குறைவு. அதன் மேல் பிளேடை ஓட்டினால் என்ன மிஞ்சும்? கீறல் தகடுவரை இறங்கிவிட்டால் சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் துரு பிடிக்க ரொம்ப நாள் ஆகாது.

உரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியது இரண்டு. கோட்டின் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் ஸ்டிக்கர். தட்டாமல் வழவழவென்று போனால் அந்தக் கோடு கிளியர் கோட்டுக்குள்ளே இருக்கிறது, அல்லது பெயின்ட்டால் போட்டது. அதை எந்தச் சூடும் எந்த எண்ணெயும் எடுக்காது, கைவைக்காமல் விட்டுவிடுவதுதான் நல்லது.

அடுத்தது, என் பார்வையில் இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்: ஸ்டிக்கருக்குக் கீழே இருப்பது கம்பெனி பெயின்ட்டா, பட்டறையில் மறுபடி அடித்ததா? தொழிற்சாலையில் முழு பாடியையும் சுமார் 140 டிகிரி செல்சியஸ் சூட்டில் அடுப்புக்குள் வைத்து இறுக்குகிறார்கள். பட்டறையில் அப்படிச் செய்ய முடியாது. நல்ல பூத், அதாவது பெயின்ட் அடிக்கும் மூடிய அறை, இருந்தால் 60, 70 டிகிரி, இல்லையென்றால் வெறும் காற்றில் காய்ந்ததுதான். கீழே நசுங்கிய பள்ளத்தை நிரப்பப் பட்டி வேறு பூசியிருப்பார்கள். அப்படிப்பட்ட கதவில் ஸ்டிக்கரைப் பிடித்து இழுத்தால் கம்மோடு பெயின்ட்டும் எழும்பி வரும், அந்த இடத்தில் தின்னர் பட்டால் சுருங்கிவிடும். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கதவு ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தால் பெயின்ட் நின்ற விளிம்பு தெரியும், கைப்பிடிக்கு அடியில் தூசி மாதிரி ஸ்ப்ரே படிந்திருக்கும், பக்கத்துக் கதவோடு ஒப்பிட்டால் கலர் லேசாக மாறியிருக்கும். மெல்லிய துணியைச் சுற்றிய காந்தத்தை வைத்துப் பார்த்தால் பட்டி அதிகம் இருக்கும் இடத்தில் ஒட்டாது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டியென்றால் இதைச் சோதிக்காமல் ஆரம்பிக்கவே வேண்டாம். சந்தேகம் இருந்தால் கீழ் ஓரமாக, வெளியே தெரியாத இடத்தில் ஒரு விரல் அகலம் மட்டும் உரித்துப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

இனி வேலை. முதலில் ஷாம்பூ போட்டு நன்றாகக் கழுவ வேண்டும், மண் துகள் இருந்தால் தேய்க்கும்போது அதுவே கீறிவிடும். பிறகு சூடு. வீட்டில் இருக்கும் ஹேர் டிரையர் போதும். ஒரு சாண் நீளத்துக்குக் கோட்டின் மேல் முன்னும் பின்னுமாகக் காட்டுங்கள். கை வைத்தால் நன்றாகச் சுட வேண்டும், ஆனால் கையை எடுக்கும் அளவுக்குச் சுடக் கூடாது, அதுதான் அளவு. முனையை நகத்தாலோ பழைய ஏடிஎம் கார்டாலோ மெல்லக் கிளப்பி, நேராக வெளியே இழுக்காமல், ஸ்டிக்கரை அதன் மேலேயே மடித்துப் பாடியை ஒட்டினாற்போல மெதுவாக இழுக்க வேண்டும். நேராக இழுத்தால் மொத்த விசையும் பெயின்ட்டைத் தூக்கும், தாழ்வாக இழுத்தால் கம்தான் நீண்டு பிரியும். அவசரப்பட்டால் உடையும். உடைகிற இடத்தில் நிறுத்தி மறுபடி சூடு காட்டுங்கள். பத்து மணி வெயிலில் வண்டியை நிறுத்தினால் சூரியனே பாதி வேலையைப் பார்த்துவிடும், அந்த உதவியை விடாதீர்கள்.

பட்டறைகளில் இருக்கும் ஹீட் கன் வேறு விஷயம். அது 500 டிகிரி வரைகூடப் போகும். ஒரே இடத்தில் சில நொடி நின்றால் பெயின்ட் கொப்பளிக்கும், பிளாஸ்டிக் பம்பர் நெளிந்துவிடும். பழகாதவர்கள் அதைத் தொட வேண்டாம். லைட்டர், மெழுகுவர்த்தி காட்டுவதும் வேண்டாம்.

ஸ்டிக்கர் போன பிறகு கம் நிற்கும். இதற்கு வண்டியை நிழலுக்குக் கொண்டுவந்து பாடி ஆறட்டும். சூட்டில் எந்தத் திரவமும் வேலை செய்வதற்குள் ஆவியாகிவிடும். நான் சொல்வது நீலகிரித் தைலம். ஊட்டி போனவர்கள் வீட்டில் கண்டிப்பாக ஒரு பாட்டில் இருக்கும். துணியில் நனைத்துக் கம்மின் மேல் கொஞ்ச நேரம் போர்த்தி வையுங்கள், அது ஊறிக் கூழாகிவிடும், மைக்ரோஃபைபர் துணியால் ஒரே திசையில் வழித்து எடுங்கள். மண்ணெண்ணெய், டபிள்யூடி-40, கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இவையும் சரிதான். எதுவானாலும் மறைவான இடத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்த பிறகு. முடித்ததும் ஷாம்பூவால் கழுவி எண்ணெய்ப்பசை போக வேண்டும். தின்னரில் டொலுயீன், அசிட்டோன் மாதிரி பெயின்ட்டையே கரைக்கும் சமாச்சாரங்கள் இருக்கின்றன, அதைக் கம் எடுக்கப் பயன்படுத்துவதை எந்தப் பட்டறையிலும் நான் ஏற்க மாட்டேன். பெட்ரோல் பெயின்ட்டுக்கும் ஆகாது, தீ ஆபத்தும் உண்டு.

டிரில்லில் மாட்டும் ரப்பர் சக்கரம் ஒன்று விற்கிறார்கள். ஸ்டிக்கர் துணுக்குத் துணுக்காக உடைந்து வெறுத்துப்போகும் வண்டிகளில் அது நல்ல கருவிதான். ஆனால் கம்பெனி பெயின்ட்டில் மட்டும், குறைந்த வேகத்தில், ஒரே இடத்தில் நிற்காமல் ஓட்ட வேண்டும். ஸ்டிக்கர் கடைகளில் கிரைண்டரில் மாட்டி முழு வேகத்தில் விடுகிறார்கள், உரசல் சூட்டில் கிளியர் கோட் கருகி மங்கிவிடுகிறது. மடிப்பு ஓரங்களில் பெயின்ட் மெல்லிசாக இருக்கும், அங்கே சக்கரமே வேண்டாம்.

கடைசியாக ஒன்று வரும், அதற்கு வாடிக்கையாளர்கள் தயாராக இருக்க வேண்டும். எல்லாம் எடுத்த பிறகும் கோடு இருந்த இடம் நிழல் மாதிரித் தெரியும். சுற்றியுள்ள பெயின்ட் வெயிலில் வெளுத்திருக்கிறது, கோட்டுக்கு அடியில் இருந்தது வெளுக்கவில்லை, அதுதான் காரணம். வெள்ளை வண்டியில் அவ்வளவாகத் தெரியாது, சிவப்பில் ரொம்பத் தெரியும். சுற்றியுள்ள இடத்தை நைசான காம்பவுண்டால் பாலிஷ் செய்தால் பெரும்பாலும் குறையும். முழுதும் போகவில்லை என்று வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போடச் சொல்லாதீர்கள், அவ்வளவு பெயின்ட் அங்கே இல்லை. நிழல் ரொம்ப உறுத்தினால் அதே இடத்தில் அதே அகலத்தில் புதுக் கோடு ஒட்டிக்கொள்வது, கதவு முழுக்கப் பெயின்ட் அடிப்பதைவிட எவ்வளவோ மேல்.

இந்தப் பிரச்சினை நம் ஊருக்கு மட்டும் வந்ததல்ல. 1920-களில் அமெரிக்காவில் இரட்டை நிறக் கார்கள் வந்தபோது, ஒரு நிறத்தை மறைக்க ஒட்டிய காகிதத்தை உரித்தால் பெயின்ட்டும் கூடவே வந்தது. செயின்ட் பால் நகரப் பட்டறையில் அதைப் பார்த்த த்ரீ எம் கம்பெனி ஊழியர் ரிச்சர்ட் ட்ரூ, 1925-இல் சுலபமாக உரிந்துவரும் மாஸ்கிங் டேப்பை உருவாக்கினார். பெயின்டர்கள் படும் பாட்டைப் பார்த்து ஒருவர் மெனக்கெட்டதால் வந்த டேப்பைத்தான் இன்றும் எல்லாப் பட்டறைகளிலும் ஒட்டுகிறோம்.

ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். வண்டியைத் தொடுவதற்கு முன் "ரீ-பெயின்ட் பண்ணியதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள், நீங்களும் பார்த்துச் சொல்லுங்கள். பெயின்ட் எழும்ப வாய்ப்பிருந்தால் முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் சண்டை வராது. வாடிக்கையாளர்களும் அரை மணி நேரத்தில் வேண்டும் என்று நிற்காதீர்கள், நாலு கதவுக்கு அரை நாள் கேட்டால் அந்த ஆள் ஒழுங்காகச் செய்யப்போகிறார் என்று அர்த்தம்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் புதுக் கார் அறிமுகங்களுக்கு நடுவே பழைய வண்டிப் பராமரிப்புக்கும் மாதம் ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள். இந்தக் கடிதத்தை ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்னதாகவே வெளியிட முடிந்தால் ரொம்ப உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு கார் பெயின்டர்,
கோயம்புத்தூர்