காய்ச்சல் விட்ட பிறகு வரும் மரமரப்பைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்காலக் காய்ச்சல் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். ரத்தத் தட்டணு எப்போது குறையும், எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும், பழைய டயரிலும் தேங்காய்த் தொட்டியிலும் தண்ணீர் தேங்க விடக் கூடாது என்று எல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் காய்ச்சல் விட்டு நோயாளி வீடு வந்து சேர்ந்ததோடு கட்டுரை முடிந்துவிட்டது. அதற்கப்புறம் சில நாளிலோ சில வாரத்திலோ ஒரு சிலருக்கு நரம்பில் வருகிற கோளாறு பற்றி ஒரு வரிகூட இல்லை. எங்கள் குடும்பம் மாட்டிக்கொண்டது சரியாக அந்த இடத்தில்தான். கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகும், தயவுசெய்து வெட்டாமல் போடுங்கள்.

என் தங்கச்சி மகள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் படுத்து, தட்டணு ஏறி, நல்லபடியாக வீட்டுக்கு வந்தாள். கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் இடது கால் செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் வாசலில் இருந்து ரோடு வரைக்கும் நடந்து போயிருக்கிறாள். குளிக்கும்போது ஒரு கால் வெந்நீரைச் சுடுகிறது என்கிறது, இன்னொரு காலுக்கு ஒன்றுமே தெரியவில்லை. "காலு மதமதன்னு இருக்குதுங்க மாமா, இடுப்பச் சுத்தியும் இறுக்கிப் புடிக்குதுங்க" என்று என்னிடம் சொன்னாள். வேலைக்குப் போன இடத்தில் சிவப்பு டி-சர்ட் ஒரு லாட்டையே ஷேடு மாறியிருக்கிறது என்று ஒதுக்கி வைத்துவிட்டாள். சூப்பர்வைசர் வந்து பார்த்தால் எல்லாம் ஒரே சிவப்பு. அப்புறம் அவளே ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வலது கண்ணுக்கு நல்ல சிவப்பாகத் தெரிகிற துணி இடது கண்ணுக்கு வெளுத்துப் போய்த் தெரிந்திருக்கிறது. கண்ணை அசைத்தால் உள்ளே வலி வேறு.

முதலில் பார்த்த இடத்தில் காய்ச்சல் அசதி என்று சொல்லிச் சத்து ஊசி போட்டார்கள். அடுத்த இடத்தில் கழுத்தெலும்புத் தேய்மானம் என்று பட்டை மாட்டிவிட்டார்கள், அந்த வயதுப் பெண்ணுக்கு. வைட்டமின் பி12 குறைந்தாலும் கால் மரக்கும், அது உண்மை. ஆனால் ரத்தத்தில் பார்த்துவிட்டல்லவா ஊசி போட வேண்டும்? காலையும் கண்ணையும் சேர்த்து வைத்து ஒருவராவது யோசித்திருந்தால் அப்போதே நரம்பியல் டாக்டரிடம் அனுப்பியிருப்பார்கள். கடைசியில் கோவையில் ஒரு நரம்பியல் டாக்டர்தான் சுத்தியலால் முழங்காலில் தட்டி, உள்ளங்காலில் கீறிப் பார்த்து, கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து, அன்றைக்கே மூளைக்கும் தண்டுவடத்துக்கும் மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்.

அவர் எங்களுக்குச் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன், படிக்கிற யாருக்காவது உதவும். நரம்பின் மேல் மயலின் என்று ஓர் உறை இருக்கிறது, நம் தோட்டத்து மோட்டார் ஒயருக்கு மேல்தோல் இருக்கிற மாதிரி. அது உரிந்தால் செய்தி சரியாகப் போய்ச் சேராது. வைரஸை எதிர்த்துக் கிளம்புகிற நம் உடம்பின் எதிர்ப்பு சக்தி, சிலருக்கு வைரஸ் அடங்கிய பிறகும் அடங்காமல் இந்த உறையையே தாக்கிவிடும். டெங்கு, சிக்குன்குனியா, அம்மை, சாதாரண சளிக் காய்ச்சல் என்று எதற்குப் பிறகும் இது வரலாம், ஆனால் அபூர்வம்தான். ஒரே தடவை வந்து போய்விடுகிற வகை ஒன்று உண்டு, ஏ.டி.இ.எம். என்பார்கள், குழந்தைகளுக்குத்தான் அதிகம். திரும்பத் திரும்ப வருவது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், அதாவது எம்.எஸ். அது பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தலைகாட்டும், ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். இந்த இரண்டு மாதிரியே காட்டி வேறாக இருப்பது என்.எம்.ஓ., கண் நரம்பையும் தண்டுவடத்தையும் அதிகமாகத் தாக்குகிற நோய். அந்த நோயாளிகள் பலரின் ரத்தத்தில் இருக்கும் அக்வாபோரின்-4 எதிரணுவை (உடம்பையே தாக்குகிற எதிர்ப்புப் பொருளை) 2004இல்தான் கண்டுபிடித்தார்கள். எம்.எஸ்ஸுக்குக் கொடுக்கிற சில மருந்துகள் என்.எம்.ஓ. நோயாளிக்கு நிலைமையை மோசமாக்கிவிடும் என்பதால், அந்த ரத்தப் பரிசோதனை செலவு அதிகம் என்று யாரும் தட்டிக் கழிக்க வேண்டாம்.

"அப்படீன்னா டெங்குதாங்க எம்.எஸ்ஸ கொண்டு வந்துச்சா?" என்று என் தங்கச்சி கேட்டாள். அப்படிச் சொல்ல முடியாது, இது எம்.எஸ். என்பதே இன்னும் முடிவாகவில்லை என்றார் டாக்டர். எம்.எஸ்ஸோடு பலமான தொடர்பு காட்டியிருக்கிற வைரஸ் எப்ஸ்டீன்-பார் என்பது. அமெரிக்க ராணுவத்தில் ஒரு கோடிப் பேருக்கு மேல் எடுத்த ரத்த மாதிரிகளை வைத்து ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் 2022இல் வெளியிட்டார்கள், அந்த வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுகிறது என்று. ஆனால் உலகத்தில் பெரியவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அந்த வைரஸ் என்றோ வந்து போனதுதான், அவர்களில் மிக மிகச் சிலருக்கே எம்.எஸ். வருகிறது. அதனால் காய்ச்சல் வந்த எல்லாரும் பயப்பட வேண்டியதில்லை, நானும் அதற்காக எழுதவில்லை.

பரிசோதனைக்காக முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுக்க வேண்டும் என்றதும் வீட்டில் ஒரே ரகளை. தண்ணி எடுத்தால் கால் போய்விடும் என்று ஊரே சொன்னது. தண்டுவடம் முடிகிற இடத்துக்கும் கீழேதான் ஊசி போடுகிறார்கள், சிலருக்குச் சில நாள் தலைவலி வரலாம், கால் போய்விடாது. ஸ்டீராய்டு என்றால் உடம்பு ஊதிவிடும் என்று இன்னொரு கூட்டம். மெதில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை தினம் ஒரு கிராம் வீதம் மூன்று முதல் ஐந்து நாள் ரத்தக் குழாய் வழியாக ஏற்றுவது இப்படிப்பட்ட தாக்குதலுக்கு உலகம் முழுவதும் செய்கிற வைத்தியம். எங்கள் பெண்ணுக்குப் பார்வை முக்கால்வாசி திரும்பியது, இடுப்பு இறுக்கமும் விட்டது. நடுவில் பண்ணாரியம்மன் கோயிலுக்கும் போய் வந்தோம், அதில் ஒரு தப்பும் இல்லை, மாத்திரையை நிறுத்தாமல் போய் வர வேண்டும்.

இப்போது அவள் ஃபைலில் "எம்.எஸ். ஆக இருக்கலாம்" என்று எழுதியிருக்கிறது. இந்த "இருக்கலாம்" எங்களைப் போட்டு வாட்டுகிறது. ஆனால் டாக்டர் மழுப்புகிறார் என்று நினைப்பது தவறு. சேதம் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருக்கிறதா, வேறு வேறு காலத்தில் வந்ததா, தண்டுவட நீரில் அதன் அடையாளம் இருக்கிறதா, இதே மாதிரி காட்டும் மற்ற நோய்கள் இல்லையா என்று எல்லாம் பார்த்துத்தான் பெயர் வைக்க முடியும். 2001இல் வகுத்து, பலமுறை திருத்திய மெக்டொனால்டு விதிகள் இதற்கு இருக்கின்றன. சில மாதம் கழித்து மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டியதுதான். அதற்குள் புதிதாக ஏதாவது தெரிந்தால் உடனே போக வேண்டும், எம்.எஸ். என்று உறுதியானால் அடுத்த தாக்குதலைக் குறைக்கும் மருந்தைத் தள்ளிப்போடாமல் தொடங்க வேண்டும். ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக டாக்டர் மாற்றினால் பழைய ஸ்கேனோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆளில்லாமல் போகும்.

நம் பக்கத்தில் இன்னொரு தொல்லை, பெண்ணுக்குக் கல்யாண வயது. ஜாதகம் வெளியே போயிருக்கிறது, யாரிடமும் மூச்சு விடாதே என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். மறைத்துக் கட்டி வைத்தால் போகிற வீட்டில் மாத்திரையையும் மறைத்துத்தான் சாப்பிடுவாள், ஒரு நாள் கால் மரத்தால் அதையும் மறைப்பாள். தாய்மாமனாக நான் இதற்குச் சம்மதிக்க மாட்டேன். எம்.எஸ். தொற்றுநோய் இல்லை. கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் அது தடை இல்லை. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாக்குதல் குறைந்தும், பிரசவத்துக்குப் பின் முதல் மூன்று மாதம் கொஞ்சம் கூடியும் இருக்கும், சில மருந்துகளை முன்கூட்டியே மாற்ற வேண்டியிருக்கும். இதையெல்லாம் டாக்டரிடம் கேட்டுத் திட்டமிட வேண்டுமானால் மாப்பிள்ளை வீட்டாருக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

கம்பெனிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. நரம்புறை சேதமானவர்களுக்கு உடம்பு சூடானால் பழைய மரமரப்பும் கண் மங்கலும் தற்காலிகமாகத் திரும்பும், குளிர்ந்தால் சரியாகிவிடும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்கு அடியில் வேலை செய்கிற பெண் நாடகம் போடவில்லை, ஃபேன் பக்கமாக இடம் மாற்றிக் கொடுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும் ஒன்று என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, ஆசிரியரிடமும் சுகாதாரத் துறையிடமும் நான் கேட்பது இதுதான். காய்ச்சல் வார்டில் இருந்து அனுப்பும்போது கொடுக்கிற சீட்டில் தமிழில் நாலு வரி அச்சடியுங்கள், உங்கள் அடுத்த காய்ச்சல் கட்டுரையிலும் அதையே பெட்டி கட்டிப் போடுங்கள். ஒரு கால் அல்லது கை மரத்து ஒரு நாளுக்கு மேல் நீடித்தால், ஒரு கண் மங்கினால் அல்லது சிவப்பு நிறம் வெளுத்துத் தெரிந்தால், சிறுநீர் போகச் சிரமமாக இருந்தால், நடை தள்ளாடினால் நரம்பியல் டாக்டரைப் பாருங்கள் என்று. இரண்டு காலிலும் தொடங்கிய பலவீனம் மேலே மேலே ஏறினால், மூச்சோ விழுங்குவதோ சிரமப்பட்டால், அது கை கால் நரம்புகளைத் தாக்கும் கில்லன்-பாரே நோயாக இருக்கலாம், விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்று ராத்திரியே 108ஐக் கூப்பிட்டு ஐ.சி.யு. வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லி எழுதுங்கள்.

இப்படிக்கு,
கோபிசெட்டிபாளையம் வாசகர்