பிரஷர் பார்ப்பதோடு வயிற்றையும் ஸ்கேன் செய்யுங்கள்

காரைக்குடி வட்டாரத்தில் மருத்துவ முகாம் நடத்தும் ஊர்ச் சங்கத்தாருக்கு,

வணக்கம். அப்பச்சி தவறி எட்டு மாதம் ஆகிறது. அவருடைய கணக்குப் பெட்டியைப் போன வாரம்தான் திறந்தேன். பாதி தீர்ந்த அட்டெனோலால் என்ற பிரஷர் மாத்திரை அட்டை ஒன்று இருந்தது. ஒவ்வொரு மாத்திரைக்கும் பின்னால் பேனாவால் தேதி போட்டிருந்தார். ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை.

கடைசியாகப் போன முகாமில் நாடி 62, பிரஷரும் சரியாக இருந்தது. "ஒழுங்கா மாத்திரை போடுறீங்க, கவலையே வேண்டாம்" என்று அனுப்பினார்கள். அப்புறம் முதுகு வலிக்கிறது என்றார். வாயுப் பிடிப்பு என்று நாங்கள் தைலம் தேய்த்தோம். இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான பெருந்தமனி வயிற்றுக்குள் வீங்கியிருந்தது யாருக்கும் தெரியாது. அது வெடித்த அன்று மதுரைக்குக் கிளம்பினோம். திருப்பத்தூரைத் தாண்டவில்லை.

அந்தத் தமனி சாதாரணமாக 2 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். 3 சென்டிமீட்டரை எட்டினால் அது வீக்கம். ஆண்களுக்கு 5.5-ஐத் தொட்டால் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசுவார்கள். அதுவரை பெரும்பாலும் ஒரு வலியும் இருக்காது.

அட்டெனோலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் இதயத் துடிப்பின் வேகத்தையும் வலுவையும் குறைக்கும். அதனால் வீக்கம் வளர்வதும் குறையும் என்று மருத்துவர்களே எதிர்பார்த்தார்கள். கனடாவில் இந்த வீக்கம் இருந்த 548 பேரைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்குப் புரோப்ரனலால் என்ற பீட்டா பிளாக்கரும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2002-ல் வந்த முடிவு: வயிற்றுத் தமனி வீக்கத்தின் வளர்ச்சி சொல்லும்படி குறையவில்லை. மார்ஃபான் என்ற பரம்பரைக் கோளாறில், இதயத்தை ஒட்டிய தமனிக்கு இந்த மருந்து உதவுகிறது. அது வேறு.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் படபடப்பும் பிரஷரும் எகிறும், மாரடைப்புகூட வரலாம். டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விட வேண்டாம்.

நான் கேட்பது ஒன்றுதான். 65 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு, முக்கியமாக அப்பச்சி மாதிரி சுருட்டு, சிகரெட் பழக்கம் இருந்தவர்களுக்கு, முகாமிலேயே வயிற்றை ஸ்கேன் செய்யுங்கள். ஊசி இல்லை, பத்து நிமிட வேலை. இங்கிலாந்தில் 65 வயதாகும் ஆண்களை அரசாங்கமே கூப்பிட்டு இதைச் செய்கிறது. இங்கே பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, இத்தனை பெரிய வீட்டில் வயதானவர்கள் இரண்டு பேர்தான். அவர்கள் நம்பி வருவது உங்கள் முகாமுக்கு.

பிள்ளையார் நோன்புக்குப் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது வைத்தால் கையோடு கூட்டிவருவார்கள். முதல் முகாமின் ஸ்கேன் செலவை அப்பச்சி பேரில் நான் தருகிறேன். தேதியை மட்டும் சொல்லுங்கள்.