லெ குவினைத் தமிழில் எழுதும்போது

அன்புள்ள சுந்தரம்,

கடிதமும் அதோடு நீ வைத்த நான்கு பக்கங்களும் வந்து சேர்ந்தன. அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் அர்சுலா லெ குவினைத் தமிழுக்குக் கொண்டுவர உட்கார்ந்துவிட்டாய் என்பதே எனக்குப் பெரிய சேதி. நாவலில் கை வைக்காமல் 'ஒமெலாஸ்' கதையில் தொடங்கியதும் நல்லது. 1973-இல் வெளிவந்து மறு ஆண்டே, அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது பெற்ற கதை. ஒமெலாஸ் என்ற ஊரின் இன்பமெல்லாம் நிலவறையில் அடைபட்ட ஒரு குழந்தையின் துன்பத்தின் மேல் நிற்கிறது; அவ்வளவுதான் கதை. ஆங்கிலத்தில் மூவாயிரம் சொல்லுக்குள் முடிந்துவிடும். ஆனால் அவருடைய கைவேலை அத்தனையும் அதற்குள் இருக்கிறது.

உன் பக்கங்கள் எங்குமே தடுக்காமல் ஓடுகின்றன. எனக்குக் கவலை தருவதும் அதுதான். அவர் ஆங்கிலத்தில் பாடுபட்டு விசித்திரமாக்கிய சில இடங்கள் தமிழில் வெகு இயல்பாக வந்து உட்கார்ந்துவிடும். எழுதுகிறவனுக்குச் சுகமாக இருக்கும், வாசகருக்குத் தைக்க வேண்டிய முள் காணாமல் போகும்.

நிலவறைப் பத்தியையே எடுத்துக்கொள். மூன்று எட்டு நீளம், இரண்டு எட்டு அகலம் உள்ள அறை. அதற்குள் அடைபட்ட குழந்தையை அவர் 'ஹி' என்றோ 'ஷி' என்றோ சொல்வதில்லை. கடைசிவரை 'இட்' தான். ஒரு மனித உயிரை அந்த ஊர் பொருளாக்கிவிட்டது என்பதை அந்தச் சின்னச் சொல்லே சொல்லிவிடுகிறது. நீ 'அது' என்று போட்டிருக்கிறாய். இலக்கணப்படி சரி. ஆனால் 'குழந்தை அழுகிறது', 'அது தூங்குது, எழுப்பாதே' என்று நாம் கொஞ்சலாகவே சொல்கிறோமே? தமிழ்க் காதுக்கு அதில் கொடுமை கேட்காது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. பார்க்க ஆறு வயது, உண்மையில் பத்தை நெருங்குகிறது என்று கதையே சொல்கிறது. அதைத் தனி வாக்கியமாக, குட்டையாக வை. பத்து வயதுப் பிள்ளையை நம் ஊரில் யாரும் 'அது' என்பதில்லை. வயதைச் சொன்ன பிறகு 'குழந்தை' என்ற சொல்லைக் குறைத்துவிட்டு, வாக்கியந்தோறும் 'அது' என்று எழுவாயை வெளிப்படையாகப் போடு. தமிழில் எழுவாயை விழுங்கிவிடுவது நம் பழக்கம். இந்தப் பத்தியில் மட்டும் விழுங்காதே. நாலாவது 'அது'வில் வாசகருக்கு உறுத்தத் தொடங்கும்.

அதே பத்தியில் இன்னும் இரண்டு திருத்தம். மூலையில் துருப்பிடித்த வாளிக்குப் பக்கத்தில் இருப்பவை தரை துடைக்கும் மாப்கள்; நீ 'துடைப்பம்' என்று எழுதியிருக்கிறாய். துடைப்பம் நமக்குப் பெருக்குகிற சாமான். அழுக்கு காய்ந்து விறைத்து நாறும் அந்த மாப் தலைகளைக் கண்டுதான் அது பயப்படுகிறது, கண்ணை மூடிக்கொள்கிறது. துடைப்பத்தில் அந்தத் தலை வராது. அடுத்து, நாளுக்கு அரைக் கிண்ணம் மக்காச்சோள மாவும் கொழுப்பும்தான் அதன் சாப்பாடு. அதை 'சோளக் கூழ்' ஆக்கிவிட்டாய். கூழ் என்றதும் ஆடி மாதமும் சின்ன வெங்காயமும் நினைவுக்கு வந்துவிடும். மாவு, கொழுப்பு என்று பொருட்களை மட்டும் சொல்.

ஊர்ப் பெயரில் உனக்கு ஒரு சந்தோஷம் காத்திருக்கிறது. ஓரிகன் மாநிலத் தலைநகர் சேலம். அந்த ஊர்ப் பலகையைக் கார்க் கண்ணாடியில் பின்னாலிருந்து முன்னாகப் படித்ததில் பிறந்ததே 'ஒமெலாஸ்' என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆங்கிலத்தில் நம் சேலத்துக்கும் அதே எழுத்துகள்தான். தமிழ் எழுத்தைத் திருப்பிப் போட்டால் இது கிடைக்காது. கதைக்குள் நுழைக்கப் பார்க்காதே, முன்னுரையில் ஒரு வரி போதும்.

முன்னுரைக்கு வாழ்க்கைக் குறிப்பு கேட்டிருந்தாய். 1929 அக்டோபர் 21, கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பிறப்பு. தந்தை ஆல்ஃபிரட் குரோபர், அமெரிக்கப் பழங்குடிகளின் மொழிகளையும் வழக்கங்களையும் பதிவு செய்த மானிடவியலாளர். கலிஃபோர்னியப் பழங்குடியான யாஹி மக்களில் கடைசியாக எஞ்சிய இஷியைப் பற்றி 1961-இல் நூல் எழுதிய தியடோரா குரோபர்தான் தாய். ஓர் ஊரைப் படைக்கும்போது உறவுமுறை, சாப்பாடு, வசவுச் சொல் வரைக்கும் அவர் யோசித்தது ஏன் என்பதற்கு இந்த வீட்டைச் சொன்னாலே போதும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலை, 1953-இல் பாரிஸில் திருமணம், 1959 முதல் போர்ட்லாந்து, மூன்று பிள்ளைகள். 2018 ஜனவரி 22-இல் அங்கேயே மறைவு. அவரும் மொழிபெயர்ப்பாளர் என்பதை விட்டுவிடாதே. சிலி நாட்டுக் கவிஞர் கபிரியேலா மிஸ்த்ராலின் கவிதைகளை ஸ்பானிய மொழியிலிருந்து பெயர்த்தவர்.

அடுத்து 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்' செய்யப்போகிறேன் என்கிறாய். 1969-இல் வந்த நாவல். கெதென் கிரகத்து மனிதர்கள் மாதத்தில் 21, 22 நாள் ஆணுமில்லை பெண்ணுமில்லை. 'கெம்மர்' வரும் சில நாட்களில் எந்தப் பாலாகவும் ஆகலாம். அவர்களை ஆங்கிலத்தில் 'ஹி' என்றே எழுதிவிட்டார். முதலில் அதை நியாயப்படுத்திக் கட்டுரை எழுதினார்; பின்னாளில் மனம் மாறி, அதே கட்டுரைக்குத் தானே மறுப்புக் குறிப்புகள் சேர்த்தார். கெதெனில் நடக்கும் 'வின்டர்ஸ் கிங்' சிறுகதையை 1975 தொகுப்பில் 'ஷி' என்று திருத்தியும் பார்த்தார்.

நம்மிடம் 'அவர்' இருக்கிறது, பிரச்சினை தீர்ந்தது என்று நீ எழுதியிருக்கிறாய். பாதிதான் தீரும். கதை சொல்லும் கென்லி ஐ பூமியிலிருந்து போன ஆண். கெதென்காரரான எஸ்ட்ராவெனைப் பாதி நாவல்வரை ஆணாகவே பார்த்து, அவரிடம் பெண்மை தெரியும்போதெல்லாம் நம்பிக்கை இழக்கிறவன். எங்கும் 'அவர்' போட்டால் அவனுடைய குருட்டுத்தனம் மறைந்துபோகும். எஸ்ட்ராவென் அங்கே ஒரு நாட்டின் பிரதம மந்திரி, அவருக்கு 'அவர்' மரியாதையாலேயே வரும், இருக்கட்டும். கென்லி சொல்லும் அத்தியாயங்களில் காவலாள், வண்டியோட்டி, தெருவில் போகிறவர் எல்லாருக்கும் 'அவன்' போடு. கெதென் புராணக் கதைகளிலும் எஸ்ட்ராவெனின் நாட்குறிப்பிலும் எல்லாருக்கும் 'அவர்'. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது வித்தியாசம் தானே தெரியும். அரசர் கர்ப்பமாக இருக்கும் புகழ்பெற்ற வரிக்கு 'அரசர் கருவுற்றிருந்தார்' என்றால் சப்பென்று ஆகிவிடும். 'அரசன் கருவுற்றிருந்தான்' என்று அடித்துச் சொல்.

ஆங்கிலத்தில் இல்லாத ஒரு முடிவும் உன் தலையில் விழும்: 'நீங்கள்' எப்போது 'நீ' ஆகிறது? கென்லியும் எஸ்ட்ராவெனும் சுமார் எண்ணூறு மைல் பனிப்பாலையைக் கடக்கிறார்கள். கூடாரத்துக்குள் கென்லி மனப்பேச்சில், அதாவது வாய் திறக்காமல் மனத்தாலேயே பேசி, முதன்முதலாக எட்டும்போது, அது இறந்த அண்ணனின் குரலாக எஸ்ட்ராவெனுக்குக் கேட்கிறது. அந்த இரவுவரை 'நீங்கள்' இருக்கட்டும், அதற்குப் பிறகு 'நீ'. அதற்கு முன் ஓரிடத்தில் தவறி விழுந்தாலும் காட்சி கெடும். முடித்தபின் எல்லா உரையாடலையும் இதற்காகவே ஒருமுறை தனியாகப் படி.

'ஷிஃப்கிரெதார்' என்ற கெதென் சொல்லை 'மானம்' என்று பெயர்க்கலாமா என்று கேட்டாய். வேண்டாம். நிழல் என்ற பழஞ்சொல்லிலிருந்து வந்தது அது. கென்லிக்கு அது பிடிபடாமல் இருப்பதால்தான் அவன் சிக்கலில் மாட்டுகிறான். 'மானம்' என்றால் வாசகருக்கு முதல் பக்கத்திலேயே எல்லாம் புரிந்துபோகும்.

'தி டிஸ்பொசெஸ்ட்' (1974) பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அதில் இரண்டு உலகங்கள்: சொந்தச் சொத்தே இல்லாத அனாரெஸ், சொத்துடைமை உள்ள உர்ராஸ். அனாரெஸ் மக்கள் பேசும் பிராவிக் மொழியில் 'என்' என்ற உடைமைச் சொல்லைத் தவிர்ப்பார்கள். 'என் கை வலிக்கிறது' என்பதற்குக் 'கை என்னை வலிக்கிறது' என்பது போல வரும். ஆங்கில வாசகருக்கு அது வேற்றுக்கிரகம். நாமோ தினமும் 'எனக்குக் கை வலிக்குது' என்கிறோம்! பிராவிக்கைக் கோணலாக்க முயன்றால் படிக்கவே முடியாது. மறுபக்கம் கை வை. முதலும் கடைசியும் நீங்கலாக, அத்தியாயங்கள் ஒன்றுவிட்டு ஒன்று அனாரெஸிலும் உர்ராஸிலும் நடக்கின்றன. உர்ராஸ் பகுதிகளில் 'என்னுடைய', 'சொந்த', 'எங்கள் வீட்டு' என்று தாராளமாக இறை. அனாரெஸ் பகுதிகளில் அத்தனையையும் துடைத்தெடு. அப்போதுதான் நாவலின் நாயகன் ஷெவெக் தொட்டில் வயதில் சன்னல் வெயிலில் உட்கார்ந்து 'என் வெயில்!' என்று கத்துவது சுரீரென்று கேட்கும்.

பதிப்புரிமை இன்னும் நடப்பில் இருக்கிறது. அச்சுக்குப் போகுமுன் எழுத்துவழி அனுமதி கட்டாயம். பதிப்பாளர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதே. இப்போதைக்கு நாவல் இருக்கட்டும். நிலவறைப் பத்தியை மட்டும் திருத்தி, உரக்க இரண்டு முறை படித்துப் பார்த்து அனுப்பு. காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ராஜு