ஒருவழியா மோடம் பேசிருச்சு, எல்லாருக்கும் நன்றி

நேத்து ராத்திரி பதினொன்னே காலுக்கு என் லினக்ஸ் கம்ப்யூட்டர்ல, ஃபோன் லைன் வழியா இன்டர்நெட்டுக்குப் போற மோடம் கீங்... கர்ர்னு கத்துச்சு, அம்மா எந்திரிச்சு வந்து என்னடா இந்நேரத்துலன்னு திட்டினாங்க, எனக்கு மட்டும் கெட்டிமேளம் மாதிரி கேட்டுச்சு.

நாலு நாளா மோடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிற டபிள்யூவிடயல்கான்ஃப் (wvdialconf) புரோகிராமை ஓட்டுறப்பெல்லாம் மோடமே இல்லைன்னு ஒரே பதில். விண்டோஸ்ல போனா அதே மோடம் சமத்தா டயல் பண்ணுது! காலேஜ் லேப்ல இருக்குற தம்பி வந்து உள்ள மாட்டியிருக்குற கார்டுகளைக் காட்டுற எல்எஸ்பிசிஐ (lspci) கமாண்டை அடிச்சான், மோடம் கார்டு பேரு அதுல தெரியுது. "அண்ணே, இது வின்மோடம், கார்டுல பாதி மோடம்தான் இருக்கு, மீதி வேலைய டிரைவர் ப்ராசஸரை வச்சு செய்யணும், அந்த டிரைவர் விண்டோஸுக்குத்தான் குடுத்திருக்காங்க"ன்னான். இந்த மாதிரி சில மோடத்துக்கு லினக்ஸ்ல இருக்குற எஸ்எல்மோடம் (slmodem) டிரைவரைக் கம்பைல் பண்ணியும் பாத்தான், என் சிப்புக்கு ஒத்து வரலை. ரெண்டு ராத்திரி உக்காந்தான்டா பாவம், ரொம்ப நன்றி தம்பி.

அப்புறம் சித்தப்பா பரண்லேர்ந்து பழைய எக்ஸ்டர்னல் மோடம் எடுத்துக் குடுத்தாரு, சீரியல் கேபிளோட. அடாப்டரைக் காணோம், ரேடியோ ரிப்பேர் கடை அண்ணன்தான் அடியில எழுதியிருந்ததைப் படிச்சுட்டு இதுக்கு 9 வோல்ட் ஏசி வேணும், டிசி அடாப்டரை சொருகிராதன்னு தேடிக் குடுத்தாரு, காசும் வாங்கலை.

மாட்டினா லைட் எரியுது, ஆனா திரும்பவும் மோடம் இல்லையாம்! நொந்துட்டேன். ஆபீஸ் அக்கா ஃபோன்லயே, பூட் ஆகுறப்போ வர்ற செய்திகளைக் காட்டுற டிமெசேஜ் (dmesg) கமாண்ட்ல டிடிஒய்எஸ்0 (ttyS0), அதாவது முதல் சீரியல் போர்ட், வருதான்னு பாருன்னாங்க, வரலை. அப்போ கம்ப்யூட்டர் ஆரம்பிக்கிறப்போ வர்ற பயாஸ் செட்டிங்கைப் பாருன்னாங்க, பாத்தா சீரியல் போர்ட்டே டிஸேபிள்! இன்டர்னல் மோடம் போட்ட கடையில ஐஆர்க்யூ (கருவிங்க ப்ராசஸரைக் கூப்பிடுற லைன்) மிச்சம் பண்றோம்னு அணைச்சு வச்சிருப்பாங்க போல, நானும் நாலு வருஷமா அந்தப் பக்கமே போகலை. போர்ட்டை ஆன் பண்ணி, அதோட வழக்கமான முகவரி 3எஃப்8, ஐஆர்க்யூ 4னு வச்சு பூட் பண்ணிட்டு, மோடத்தோட நேரா பேசுற மினிகாம் புரோகிராம்ல ஏடின்னு (AT, மோடத்தைக் கூப்பிடுற கமாண்ட்) அடிச்சு என்டர் தட்டினேன், கீழ ஓகேன்னு ரெண்டெழுத்து வந்துச்சு பாருங்க, சத்தியமா கண்ணு கலங்கிருச்சு.

கடைசியா டயல்டோன் இல்லைன்னு ஒரு வம்பு, ஃபோனை எடுத்தா டோன் நல்லா கேக்குது, மோடத்துக்கு நம்மூரு டோன் புரியலை, அதுக்கும் அக்காதான் டயல் பண்றதுக்கு முன்னாடி மோடத்துக்கு அனுப்புற கமாண்ட்ல ஏடிஎக்ஸ்3 (ATX3) சேத்துக்கோ, டோனுக்குக் காத்திருக்காம டயல் பண்ணிரும்னாங்க. அவ்ளோதான், உடனே கனெக்ட்.

சித்தப்பா, மோடத்தை இப்போதைக்கு திருப்பிக் கேக்காதீங்க.