வாக்கைப் பறிப்பது தீர்வல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்வி, சுகாதாரம் போன்றவற்றுக்கு ஸ்கொட்லாந்துக்கு எடின்பரோவில் தனிச் சபை இருப்பதால், லண்டனிலுள்ள பிரித்தானியப் பாராளுமன்றத்தில் (வெஸ்ட்மின்ஸ்டரில்) அதன் எம்.பி.க்கள் இங்கிலாந்து விஷயங்களில் வாக்களிப்பதைத் தடுக்க வேண்டும், அங்கே ஸ்கொட்லாந்துக்கு உள்ள ஆசனங்களையும் இன்னும் குறைக்க வேண்டும் என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய கோபம் எனக்கு விளங்குகிறது. அவர் சொல்லும் மருந்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

என் தம்பி குடும்பம் லண்டனில், தங்கை குடும்பம் கிளாஸ்கோவில். தம்பியின் மகளும் தங்கையின் மகனும் ஒரே வயது. அவள் மூன்று வருடம் படித்ததற்குக் கட்டணம் மட்டும் 27,750 பவுண். அவன் தன் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படித்தான், படிப்புக் கட்டணமாக ஒரு பென்ஸ்கூடக் கட்டவில்லை. போன மாதம் ஒரு பிறந்தநாள் வீட்டில் இரண்டு பேரும் தங்கள் பே ஸ்லிப்பை ஃபோனில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுடையதில் கடன் கழிவு என்று ஒரு வரி. 'இதுக்கு ஆர் வோட் போட்டது, பெரியப்பா?' என்று என்னைக் கேட்டாள்.

உண்மையான பதில் அவளுக்குக் கசக்கும். இங்கிலாந்தில் கட்டணத்தை முதலில் வருடத்துக்கு 3,000 பவுண் வரை உயர்த்த வழிவிட்ட மசோதா 2004 ஜனவரியில் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரவு 316, எதிர்ப்பு 311. ஐந்தே வாக்கு. ஸ்கொட்லாந்தில் படிக்கும் தங்கள் தொகுதிப் பிள்ளைகள் அந்தக் கட்டணத்தைக் கட்டத் தேவையில்லாத ஸ்கொட்லாந்து லேபர் எம்.பி.க்களின் கைகள் இல்லாமல் அது நிறைவேறியிருக்காது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் இங்கிலாந்தின் மருத்துவமனைகள் பற்றிய சட்டமும் 17 வாக்கு வித்தியாசத்தில் தப்பியது. அதைக் கொண்டுவந்த சுகாதார அமைச்சர் ஜோன் ரீட், ஸ்கொட்லாந்துத் தொகுதி ஒன்றின் எம்.பி. இது அநியாயம். 1977இலேயே ஸ்கொட்லாந்து லேபர் எம்.பி. டாம் டியெல் தன் வெஸ்ட் லோதியன் தொகுதியை வைத்துக் கேட்ட கேள்வி இதுதான்: என் தொகுதிக்கே நான் முடிவெடுக்க முடியாத ஒன்றில், இங்கிலாந்துக்காக நான் எப்படி வாக்களிப்பது? அந்தக் கேள்விக்கு இன்றுவரை விடையில்லை.

வாக்கைத் தடுக்கும் வழியைப் பாராளுமன்றம் முயன்று பார்த்துவிட்டது. 2015 ஒக்டோபரில் 'இங்கிலாந்துச் சட்டத்துக்கு இங்கிலாந்து வாக்கு' என்ற விதி வந்தது. நடைமுறை எம்.பி.க்களுக்கே தலைசுற்றும் அளவுக்குச் சிக்கல். 2020இல் கொரோனாவோடு நிறுத்திவைத்தார்கள், 2021 ஜூலையில் எடுத்தே விட்டார்கள். அந்த விதியால் மறிக்கப்பட்ட சட்டம் ஒன்றுகூட இல்லை. இங்கிலாந்து எம்.பி.க்கள் 'வேண்டாம்' என்று சொல்ல மட்டுமே அது இடம் கொடுத்தது. 'வேண்டும்' என்று சொன்னால் சபையின் மொத்தப் பெரும்பான்மையும் சம்மதிக்க வேண்டும். 2016 மார்ச்சில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஞாயிற்றுக்கிழமைக் கடைநேரத்தை நீட்ட இடம்கொடுக்கும் திட்டம் 317க்கு 286 என்று தோற்றபோது ஸ்கொட்லாந்து எம்.பி.க்களின் வாக்குத்தான் தராசைச் சாய்த்தது. விதி புத்தகத்தில் இருந்தது, ஒன்றும் செய்ய முடியவில்லை.

இன்னொன்று. எது இங்கிலாந்துக்கு மட்டும் உரிய விஷயம்? இங்கிலாந்தின் கல்விக்கும் சுகாதாரத்துக்கும் ஒதுக்கும் பணம் கூடினால், பார்னெட் சூத்திரம் என்ற நிதிப் பங்கீட்டுக் கணக்குப்படி ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் போகும் தொகையும் கூடும். குறைந்தால் குறையும். தன் ஊர் மருத்துவமனைக்கு வரப்போகும் காசைத் தொடும் முடிவில் கிளாஸ்கோ எம்.பி.யை 'வெளியே நில்' என்று சொல்வது எந்த நியாயம்?

ஆசனக் குறைப்பு இன்னும் மோசமானது. ஸ்கொட்லாந்தின் ஆசனங்கள் 72இலிருந்து 2005இல் 59 ஆகி, இப்போது 57. வேல்ஸில் 40 இருந்தது 2024இல் 32. மொத்தம் 650இல் இங்கிலாந்துக்கு மட்டும் 543. சனத்தொகைக்கு ஏற்ற அளவு இது. இதற்குக் கீழே வெட்டினால் என்ன நடக்கும் என்பதை வட அயர்லாந்தில் பார்த்தோம். தனிப் பாராளுமன்றம் இருக்கிறது என்று சொல்லி வெஸ்ட்மின்ஸ்டரில் அதற்கு 12, 13 ஆசனம்தான் கொடுத்தார்கள். 1972இல் அந்தப் பாராளுமன்றம் மூடப்பட்டது. ஆசனம் 17 ஆனதோ 1983 தேர்தலில். நிலைத்து ஆளும் உள்ளூர்ச் சபையும் இல்லை, லண்டனில் போதிய குரலும் இல்லை என்று பதினொரு வருடம் கிடந்தார்கள், அதுவும் துப்பாக்கிச் சத்தம் ஓயாத வருடங்களில்.

அதிகாரப் பகிர்வு என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். பகிர்ந்து கொடுத்தது எது, கொடுக்காமல் வைத்திருப்பது எது என்று பார்க்க எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. வரியில் பெரும்பகுதி, யுத்தம், குடிவரவு மூன்றும் இன்னும் வெஸ்ட்மின்ஸ்டரின் கையில். கிளாஸ்கோவில் அகதிக் கோரிக்கை போட்டுவிட்டு ஹோம் ஒஃபிஸ் கடிதத்துக்காகக் காத்திருப்பவருக்கு எடின்பரோ சபையால் விசா கொடுக்க முடியாது. அவர் போய்க் கதவைத் தட்டுவது தன் வெஸ்ட்மின்ஸ்டர் எம்.பி.யிடம். அந்தக் கதவுகளைக் குறைக்கச் சொல்லி ஒரு தமிழ்ப் பத்திரிகையில் கேட்பதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அப்படியானால் தம்பியின் மகளுக்கு என்ன நீதி? இந்தப் பிரச்சினையை ஆராய அரசு அமைத்த மக்கே ஆணைக்குழு 2013இல் சொன்ன வழி எனக்குச் சரியாகப் படுகிறது. யாருடைய வாக்கையும் பறிக்க வேண்டாம். இங்கிலாந்துக்குத் தனியான விளைவு தரும் சட்டங்களில் இங்கிலாந்து எம்.பி.க்களின் வாக்கைத் தனியாகவும் எண்ணி அறிவிக்க வேண்டும். அவர்களின் பெரும்பான்மைச் சம்மதத்தோடு முடிவெடுப்பதே வழமையாக இருக்க வேண்டும். அதை மீறும் அரசு, ஏன் மீறினோம் என்று இங்கிலாந்து வாக்காளருக்கு முகத்துக்கு நேரே பதில் சொல்ல வேண்டும். 2004இல் அப்படி இரண்டு எண்களும் சபையிலேயே வாசிக்கப்பட்டிருந்தால் அந்த அமைச்சர்களுக்கு அடுத்த நாள் இலகுவாக இருந்திருக்காது.

இந்த இரட்டை எண்ணிக்கையை ஆதரிப்பீர்களா என்று என் தொகுதி எம்.பி.க்கு இரண்டு கிழமைக்கு முன் எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வந்தால் உங்களுக்கும் அனுப்புகிறேன், இடம் இருந்தால் போடுங்கள்.

இப்படிக்கு,
லண்டன் வாசகர் ஒருவர்