பேராசிரியரை வேலைக்கு எடுக்கும்போது

காட்பாடி

அன்புள்ள கண்ணு,

ஸ்மார்ட் மேனுஃபாக்சரிங் (சென்சார், கணினி வைத்து நடத்தும் உற்பத்தி), தொழிலகப் பொறியியல் (வேலை முறையையும் நேரத்தையும் அளந்து சீராக்குவது) இரண்டுக்கும் சேர்த்து ஒரே பேராசிரியர் எடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். இரண்டிலும் கை தேர்ந்தவர் அரிது. எதில் ஆழம் வேண்டும் என்பதைத் துறைக்குள் பேசி முடித்த பிறகே விண்ணப்பக் கட்டைப் பிரி.

தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ-யின் 2019 விதிப்படி பிஎச்டி வேண்டும், 10 ஆண்டு அனுபவம் வேண்டும், அதில் 3 ஆண்டாவது இணைப் பேராசிரியர் நிலையில் இருந்திருக்க வேண்டும். சான்றிதழில் சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டையும் கூட்டிப் பார். பிஎச்டி இல்லாத தொழிற்சாலைக்காரரை பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022-ல் கொண்டுவந்த 'புரொஃபஸர் ஆஃப் பிராக்டிஸ்' வழியாக எடுக்கலாம். ஆனால் மொத்தமே 4 ஆண்டுதான். ஆய்வு மாணவர்களை அவர் கையில் விட்டால் பாதியில் நிற்பார்கள்.

நேர்காணலில் ஸ்லைடு பார்த்து மயங்காதே. நம் ஆம்பூர்ப் பக்கத்து ஷூ அப்பர் (மேல்பாகம்) தைக்கும் லைனையே கணக்காகக் கொடு. ஷிஃப்ட் 480 நிமிடம், இடைவேளை 30, தேவை 900 ஜோடி. ஜோடிக்கு 30 விநாடி. அதில் ஒரு தையல் வேலைக்கு மட்டும் 42 விநாடி ஆகிறது. உடனே இன்னொரு மெஷின் போடச் சொல்பவரைவிட, அந்த 42-ஐ எத்தனை முறை அளந்தீர்கள், பாபின் (அடிநூல் உருளை) மாற்றும் நேரமும் அதில் சேர்ந்ததா என்று கேட்பவர் மேல்.

அடுத்த கேள்விதான் முக்கியம். கிளட்ச் மோட்டார் போட்ட தையல் மெஷினில், தைக்காதபோதும் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும். மோட்டார் ஓடுகிறதா என்று மட்டும் பார்க்கும் சென்சார் மாட்டினால் மெஷின் நிற்கவே இல்லை என்று காட்டும். உண்மையில் இயங்கிய நேரம் 90 சதவீதம், வேகம் 80, தரம் 95 என்று வை. மூன்றையும் பெருக்கினால் வரும் ஓஇஇ, அதாவது மெஷினின் மொத்தத் திறன், 68.4. தப்பான சென்சாரில் இயங்கிய நேரம் 100 ஆகும், அதே வேலை கூடுதல் நேரத்துக்குக் கணக்காவதால் வேகம் 72-க்கு இறங்கும். மொத்தம் அதே 68.4. அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. தோல் வராமல் காத்திருந்த நேரமெல்லாம் தைக்கிற பெண் மெதுவாகத் தைத்ததாகக் கணக்கில் ஏறிவிடும். இதைத் தானே கண்டுபிடித்து, ஊசி ஏறி இறங்குவதை எண்ண வேண்டும் என்று சொல்பவரை விட்டுவிடாதே, கண்ணு. கட்டுரை எண்ணிக்கை இரண்டு குறைந்தாலும் பரவாயில்லை, விதி கேட்கும் அளவு இருந்தால் போதும்.

கார் கம்பெனி உதாரணமே சொல்கிறவரிடம் தோல் வெட்டுவதைப் பற்றிக் கேள். ஒரு தோல் போல இன்னொன்று இருக்காது, தழும்பு இருக்கும் இடமும் மாறும். ஒரே வெட்டு வரைபடம் அங்கே செல்லாது.

கடைசியாக, ஆய்வகத்துக்கு என்ன தருவீர்கள் என்று அவர் கேட்பார். அறை, பிஎல்சி (மெஷினை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) பெஞ்ச், முதல் ஆண்டுத் தொகை மூன்றையும் நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா