ஆயர் தாவார் அண்ணனுக்கு நன்றி

மூன்று நாள் லீவுக்கு நண்பர்கள் ஐவர் மலேசியாவின் பங்கோர் தீவுக்குப் போயிருந்தோம். தெலுக் நிப்பா கடற்கரையில் சாயங்காலம் இருவாசிப் பறவைகள் வந்து இறங்குவதைப் பார்த்தபடி தே தாரிக் குடித்ததுதான் எங்கள் பெரிய வேலை. 1670இல் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டைக்குப் பத்தே நிமிடம்தான் ஒதுக்கினோம்.

திரும்பும் வழியில், ஆயர் தாவார் டவுனுக்கு முன்பாக, செம்பனைத் தோட்டத்து ஓரம் டயர் வெடித்தது. ஸ்பேர் டயரிலும் காற்றில்லை. என் காடி, என் சோம்பல். மோட்டாரில் வந்த அண்ணன் ஒருவர் எதுவும் கேட்காமல் அந்த டயரைப் பின்னால் கட்டிக்கொண்டு டவுனுக்குப் போய்க் காற்றடித்து வந்தார். அப்புறம் மாட்டியும் கொடுத்தார். காசை நீட்டினால், "இருட்டுது, பார்த்துப் போங்க தம்பி" என்றார்.

பெயர்கூடக் கேட்கவில்லை. ரொம்ப நன்றி அண்ணே. உங்கள் ஸ்பேனர் என் காடியிலேயே இருக்கிறது.